மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கும் கொஞ்சம் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேமிப்பைப் பற்றிப் போன மாதம் உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்தது. சம்பளம் வந்த அன்றே ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் குடும்பம் நடத்துங்கள் என்று எழுதியிருந்தார்கள். நல்ல யோசனை. திருப்பூரில் வேலை பார்க்கும் என் மகனுக்கு அதைக் கத்தரித்து அனுப்பி வைத்தேன். ஆனால் எனக்கு முதல் தேதி என்று ஒன்று கிடையாது. வலங்கைமான் பக்கத்தில் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், சாகுபடி செய்கிறேன். குறுவை நெல் போட்டால் ஒரு தடவை, தாளடி நெல் போட்டால் ஒரு தடவை, வருஷத்துக்கு இரண்டே சம்பள நாள். நடுவில் ஒரு கறவை மாடு கொடுப்பது காப்பிக்கும் காய்கறிக்கும் சரியாகிவிடும். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1984-ல் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது கூடத்தில் ஒரு பெரிய பத்தாயம் இருந்தது. மேலே நெல்லைக் கொட்டுவார்கள். எடுக்க வேண்டுமென்றால் அடியில் இருக்கும் சின்ன வாயைத் திறந்து மரக்காலில்தான் பிடிக்க வேண்டும். என் மாமியார் பதினைந்து நாளைக்கு ஒருமுறை இத்தனை மரக்கால் என்று கணக்கு வைத்திருந்தார். எடுத்த அன்று சுவரில் கரியால் ஒரு கோடு போடுவார். விதைநெல் அதில் சேராது. அது வைக்கோல் பிரி சுற்றி, சாணி மெழுகிய கோட்டையாகப் பரணில் இருக்கும். அடுத்த வீட்டில் அரிசி கடன் வாங்கிய நாள் உண்டு. கோட்டையை அவிழ்த்த நாள் கிடையாது. பள்ளிக்கூடம் போகாத மாமியார் ஒரு போகத்து விளைச்சலை ஆறேழு மாதத்துக்குப் பிரித்துக் கொடுத்த விதம் அது.

இப்போது பத்தாயம் இல்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடை போட்டுக் கொடுக்கிறோம், சில நாளில் பணம் வங்கிக் கணக்கில் விழுகிறது, போனில் ஒரு சத்தம் கேட்கிறது. ஒன்றரை லட்சம் ரூபாய் ஒரே நொடியில் வருகிறது. அதற்கு அடியில் சின்ன வாய் கிடையாது, மொத்தமும் திறந்து கிடக்கிறது. பணம் விழுந்த செய்தி எப்படித்தான் பரவுமோ தெரியாது. மூன்று நாளைக்குள் உரக்கடைப் பாக்கி, கல்யாண மொய், மைத்துனர் மகனுக்கு வண்டி முன்பணம், தெருக்கோயில் கும்பாபிஷேக நன்கொடை என்று எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். எதையும் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் மாசியில் கையில் லட்சம் இருந்த வீட்டில் வைகாசியில் தோட்டை அடகு வைப்பதை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

அதனால் நான் செய்வதைச் சொல்கிறேன். குவிண்டால் 2,500 ரூபாய் என்று வையுங்கள். மூன்று ஏக்கரில் 60 குவிண்டால் கண்டால் 1,50,000. பணம் விழுந்த மறுநாள் காலை, வேறு வேலைக்குப் போவதற்கு முன், வங்கிக்குப் போய்விடுவேன். முதலில் கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடன் 75,000-ஐக் கட்டிவிடுவேன். கெடு தவறாமல் கட்டினால் நம் மாநிலத்தில் அந்தக் கடனுக்கு வட்டி இல்லை. இதைவிட மலிவான பணம் உலகத்தில் யாருக்கும் கிடைக்காது. தள்ளுபடி வரும் என்று காத்திருந்து கெடுவைத் தாண்டவிட்டவர்கள் வட்டியையும் கட்டி, அடுத்த கடனுக்கும் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் 20,000 விதைக்கோட்டை. அடுத்த உழவுக்கும் விதைக்கும் நாற்றங்காலுக்கும் ஆன பணம் அது. ஆறு மாத டெபாசிட்டில் போட்டுவிடுவேன். புதுக்கடன் கைக்கு வரச் சில வாரம் தாமதமானாலும் டிராக்டர்காரரிடம் கெஞ்ச வேண்டியதில்லை.

மிச்சம் 55,000. அடுத்த அறுவடைப் பணம் வர ஏழு மாதம் ஆகும். மாதம் 7,000 வீதம் 49,000 ரூபாயை வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுவேன். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு வாங்கவில்லை, போனிலும் சேர்க்கவில்லை. மாதம் முதல் தேதி அதிலிருந்து வீட்டுச் செலவுக் கணக்குக்கு 7,000 மாற்றச் சொல்லி வங்கியில் ஒருமுறை எழுதிக் கொடுத்தால் போதும், மாதா மாதம் தானாகவே வந்துவிடும். அதுதான் என் பத்தாயத்து வாய். எனக்கு நானே சம்பளம் கொடுத்துக்கொள்கிறேன். கடைசியாக 6,000 நிற்கும். அதில் அஞ்சலகத் தொடர் வைப்புக்கு மாதம் 500 வீதம் ஏழு மாதத்துக்கு 3,500 ஒதுக்குவேன். 2,500 அவசரத்துக்கு. சின்னத் தொகைதான், ஆனால் நான் இதை ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2025 குறுவையில் பலபேர் மழையில் நெல்லைக் குவித்துவிட்டுத் தார்ப்பாயோடு காத்திருந்தார்களே, அந்த நாட்களில் நான் யாரிடமும் கைமாற்று கேட்கவில்லை.

இவ்வளவு பேசுகிறவள் ஆரம்பத்திலேயே புத்திசாலியாக இருந்தேனா என்று கேட்டால், இல்லை. என் கணவர் 2009-ல் காலமானார். அதுவரை எனக்குக் கணக்கு வழக்கு எதுவும் தெரியாது, அவரும் சொன்னதில்லை. காரியம் முடிந்து பெட்டியைத் திறந்தபோதுதான் 40,000 ரூபாய் வெளிக்கடன் இருப்பது தெரிந்தது. நூற்றுக்கு மூன்று வட்டி. மாதம் 1,200 ரூபாய். அவருடைய காப்பீட்டுப் பணமாக எனக்கு ஒன்றரை லட்சம் வந்தது. கடனை அடைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது எங்கள் உறவுக்காரர் ஒருவர் வந்து, ஒரு நிதி நிறுவனத்தில் லட்சம் போட்டால் மாதம் 2,500 வட்டி தருகிறார்கள், கடனுக்கு 1,200 போனாலும் 1,300 உனக்கு மிச்சம், பிள்ளை படிப்புக்கு ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவரும் என்னை ஏமாற்ற வரவில்லை, தன் பணத்தையும் அங்கேதான் போட்டிருந்தார்.

பதினொரு மாதம் சரியாக வந்தது, 27,500 ரூபாய். பன்னிரண்டாவது மாதம் போனபோது கதவு பூட்டியிருந்தது. என்னைப் போல நூறு பேர் வெயிலில் நின்றார்கள். எனக்கு 72,500 போயிற்று, இன்றுவரை வரவில்லை. 40,000 கடன் அப்படியே நின்றது. அதை அடைக்க எனக்கு இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று, இரண்டு பசு போயிற்று.

பிறகுதான் யோசித்தேன். நூற்றுக்கு மூன்று வட்டிக் கடனை அடைத்திருந்தால் வருஷத்துக்கு நூற்றுக்கு முப்பத்தாறு ரூபாய் நிச்சயமாக மிச்சமாகியிருக்கும். அந்த வருமானத்துக்கு ஆபத்தே இல்லை, யாரும் கதவைப் பூட்டிக்கொண்டு ஓடமுடியாது. வங்கியில் ஏழு சதவீதம் கிடைப்பதே பெரிது என்கிற நாட்டில் முப்பத்தாறு சதவீதத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு முப்பது சதவீதத்தைத் தேடி ஊர் விட்டு ஊர் போனேன். வெளிக்கடன் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அது தீரும்வரை வேறு எந்தச் சேமிப்புத் திட்டத்தையும் பற்றிக் கேட்கவே வேண்டாம். கையில் ஒரு மாதச் செலவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கடனில் கட்டுங்கள்.

என் அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். 1906-ல் சென்னையில் ஊரார் பணத்தை டெபாசிட்டாக வாங்கி வந்த அர்பத்நாட் கம்பெனி திவாலாகி எத்தனையோ குடும்பம் சேமிப்பை இழந்தது, அதற்குப் பிறகு நம் திருவிடைமருதூரில் பிறந்த வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்நின்று 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார் என்று பெருமையாகச் சொல்லுவார். சின்ன வயதில் நான் அதைத் திருவிடைமருதூர்ப் பெருமையாக மட்டும்தான் கேட்டுக்கொண்டேன். வெள்ளைக்காரர் கம்பெனி, பெரிய கட்டிடம், எல்லோரும் நம்பினார்கள் என்ற முதல் பாதி காதில் ஏறவில்லை. தொண்ணூறுகளில் மறுபடியும் எத்தனையோ நிதி நிறுவனங்கள் கவிழ்ந்துதான் 1997-ல் நம் மாநிலத்தில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கும் பிறகு 2012-ல் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் கவிழ்ந்தன. கோழி மாறுகிறது, தேக்கு மாறுகிறது, இப்போது போனில் ஏதோ நாணயம் என்கிறார்கள். கேட்கிற விதம் ஒன்றாகவே இருக்கிறது. நம்மைவிட நல்லவராகத் தெரியும் ஒருவர் மூலமாக, நமக்குப் பணம் வந்திருக்கும் நேரமாகப் பார்த்து வருகிறது.

அதைத் தெரிந்துகொள்ள என் மகன் ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தான். 72-ஐ வட்டி சதவீதத்தால் வகுத்தால் எத்தனை வருஷத்தில் பணம் இரட்டிப்பாகும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். அஞ்சலகக் கிசான் விகாஸ் பத்திரத்துக்கு இப்போது ஏழரை சதவீதம். 72-ஐ ஏழரையால் வகுத்தால் ஒன்பது வருஷமும் சொச்சமும் வரும். அஞ்சலகத்தில் கேளுங்கள், 115 மாதம் என்பார்கள், அதாவது 9 வருஷம் 7 மாதம். 1988-ல் அந்தப் பத்திரம் ஆரம்பித்தபோது ஐந்தரை வருஷத்தில் இரட்டிப்பாயிற்று, என் கணவர் 5,000 ரூபாய்க்கு வாங்கி வைத்தார். அந்தக் காலம் வேறு, அப்போது வட்டியே அவ்வளவு. இன்றைக்கு ஒருவர் வந்து இரண்டு வருஷத்தில் இரட்டிப்பு என்றால், வருஷத்துக்கு முப்பத்தாறு சதவீதம் என்கிறார் என்று அர்த்தம். அது கந்துவட்டிக்காரர் வாங்குகிற வட்டி. அதை நமக்குக் கொடுக்க அவர் யாரிடம் வாங்குவார் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும். இதே கணக்கைக் கடனுக்கும் போடலாம். நூற்றுக்கு மூன்று வட்டியைக் கட்டாமல் விட்டு, அது அசலோடு சேர்ந்தால் ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் கடன் இரண்டு மடங்கு.

சிலர் என்னைப் போல ஏமாந்துவிட்டு, இனி யாரையும் நம்பமாட்டேன் என்று பணத்தை வீட்டிலேயே வைப்பார்கள். அதுவும் நஷ்டம்தான். 1990-91-ல் மத்திய அரசு நெல்லுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 205 ரூபாய். 2025-26-ல் அது 2,369. அன்றைக்கு ஒரு குவிண்டால் நெல் விற்ற பணத்தை மரப்பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் இந்த விலைக்கு அதில் ஒன்பது கிலோவுக்கு மேல் வாங்கமுடியாது. என் மாமியார் அரிசிப் பானைக்குள் 14,000 ரூபாய் வைத்திருந்தது 2016 நவம்பர் எட்டாம் தேதி ராத்திரிதான் எங்களுக்கே தெரிந்தது. அத்தனையும் ஐந்நூறு ரூபாய் நோட்டு. எண்பது வயதில் வரிசையில் நின்று மாற்றினார்.

வங்கியில் போடும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் உள்ள டெபாசிட்டுக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி வரை இது ஒரு லட்சமாக இருந்தது. கூட்டுறவு வங்கிக்கும் உண்டு. ஆனால் ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் டெபாசிட்டுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. பெயரில் கூட்டுறவு இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறோம். சங்கத்தில் கடன் வாங்குங்கள், ஒழுங்காகக் கட்டுங்கள். நிலம் விற்ற பணம், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் போன்ற பெரிய தொகையை வங்கியிலோ அஞ்சலகத்திலோ வையுங்கள்.

சீட்டைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம், எல்லோருக்கும் தெரியும். பதிவு செய்த சீட்டா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் போடாதீர்கள். நகையும் அப்படித்தான். போட்டு அழகு பார்க்க வாங்குங்கள், எனக்கும் ஆசை உண்டு. ஆனால் சேதாரம், செய்கூலி, வரி என்று கொடுத்த பணம் திரும்ப வராது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். வயலில் இறங்குகிறவர்களுக்குப் பாம்பு பயம் எப்போதும் உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீட்டில் இரண்டு லட்சம் கிடைக்கும். பாம்புக்கடியும் அதில் அடங்கும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன பதிவு இருக்கவேண்டும். ஐம்பது வயது வரை உள்ளவர்கள் சேரக்கூடிய ஆயுள் காப்பீட்டுக்கு வருஷம் 436 ரூபாய், அதற்கும் இரண்டு லட்சம். இரண்டும் சேர்த்து 456. இந்தப் பணத்தை மே மாதக் கடைசியில் பிடிப்பார்கள். டெல்டாவில் கணக்கு வறண்டு கிடக்கிற மாதம் அது. எங்கள் தெருவில் ஒரு பையன் இறந்தபோது, அந்த வருஷம் கணக்கில் பணம் இல்லாததால் காப்பீடு நின்றுபோயிருந்தது. அவன் மனைவி பாஸ்புக்கை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. தயவுசெய்து மே மாதம் அந்த 456 ரூபாயைத் தொடாதீர்கள். சம்பா, தாளடிப் பயிர்க் காப்பீட்டுக்கும் நம் பங்கு காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்தான். கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்றான அடங்கலை வாங்க அலைய வேண்டியிருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

என் அக்காவைப் பேராவூரணிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நெல்லில் என்ன இருக்கிறது, தென்னை வை, உட்கார்ந்து சாப்பிடலாம் என்று எனக்கும் சொல்லிக்கொண்டே இருப்பாள். இருந்த நிலம் முழுக்கத் தென்னை, மிச்சப் பணத்திலும் தென்னந்தோப்புக் குத்தகை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. புதிதாகக் கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அந்த ஐந்தாறு வருஷத்துக்கு அவளிடம் வேறு ஒன்றும் இல்லை. ஒரு மாட்டுக்கொட்டகை, கொஞ்சம் டெபாசிட், ஒரு நெல் வயல் இருந்திருந்தால் அவ்வளவு உடைந்திருக்கமாட்டாள்.

பங்குச் சந்தையைப் பற்றி எனக்கு என் மகன் மூலமாகத் தெரிந்ததுதான். அவனுக்கு மாதச் சம்பளம். மாதம் 2,000 ரூபாய், சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றுகிற மியூச்சுவல் ஃபண்டில் போடுகிறான், தரகர் கமிஷன் இல்லாத நேரடித் திட்டத்தில். 2020 ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் குறியீடு மார்ச் 23-ல் 26,000-க்குக் கீழே போனது. எல்லாம் போச்சும்மா, எடுத்துடவா என்று போன் செய்தான். இந்தப் பணம் எப்போது வேண்டும் என்று கேட்டேன். பதினைந்து வருஷம் கழித்து என்றான். அப்படியானால் இன்றைக்கு ஏன் பார்க்கிறாய் என்றேன். அந்த வருஷம் நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. எப்போதும் அவ்வளவு சீக்கிரம் ஏறாது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். பத்து வருஷத்துக்குத் தேவைப்படாத பணம் அங்கே போகட்டும். அடுத்த போகத்து விதைப் பணம், கல்யாணத்துக்கு வைத்த பணம், கடன் வாங்கிய பணம் மூன்றும் அந்தப் பக்கம் போகவே கூடாது. யாரோ சொன்னார்கள் என்று போனில் தினமும் வாங்கி விற்கிற பையன்கள் எங்கள் ஊரிலும் வந்துவிட்டார்கள். அவர்கள் அம்மாக்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆசிரியர் அவர்களே, பொங்கல் கழிந்தால் அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிவிடும். கொள்முதல் நிலையங்கள் திறந்து, தை கடைசியிலிருந்து பங்குனி வரை டெல்டா முழுவதும் பணம் விழும். இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் அதற்கு முன்னாலேயே போடுங்கள். மகள் பெயரில் செல்வமகள் கணக்கு ஆரம்பிப்பது, வங்கியில் மாத மாற்றத்துக்கு எழுதிக் கொடுப்பது, இவற்றுக்கெல்லாம் என்னென்ன தாள் வேண்டும் என்று உங்கள் நிருபர்கள் விசாரித்து ஒரு பக்கம் எழுதினால், அதைக் கத்தரித்து எங்கள் ஊர் கொள்முதல் நிலையத்துச் சுவரில் நானே ஒட்டுகிறேன். உறவுக்காரர் விஷயம் இதில் வருவதால் என் பெயர் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒன்பது மா சாகுபடி செய்யும் வாசகி,
வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம்.